ட்ரோனிலிருந்து நேரலை வீடியோ: அலைவரிசை அனுமதி பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் கலியாண வீடு, கோவில் திருவிழா, விளையாட்டுப் போட்டி என்று ட்ரோன் வீடியோ எடுப்பதுதான் என் தொழில். முன்பெல்லாம் படத்தை மெமரி காட்டிலே பதிந்து, வெட்டி ஒட்டி, இரண்டு கிழமை கழித்துக் கொடுப்போம். இப்போது கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகள் தேர் இழுக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும் என்கிறார்கள். நேரலை என்று வந்ததும் வானொலி அலை பற்றிய கேள்விகளும் வந்துவிட்டன. வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் தொழில் செய்யும் தம்பிமார் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ட்ரோன் பறக்கவிட அனுமதி எடுத்துவிட்டேன். பிறகு எதற்கு இன்னொரு அனுமதி?

பறப்பது ஒரு விஷயம், அலை அனுப்புவது வேறொரு விஷயம். இரண்டையும் இரண்டு இடங்கள் பார்க்கின்றன. வானத்தில் என்ன பறக்கிறது, யாருக்கு மேலால் பறக்கிறது என்பதைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை பார்க்கிறது. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அவர்களுடையது. அந்தப் பொருளிலிருந்து என்ன அலை, எந்த வலுவில் வெளியே போகிறது என்பதைப் பார்ப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. எல்லோரும் ரி.ஆர்.சி. என்று சொல்வது இதைத்தான். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டமும், ஆணைக்குழுவை உருவாக்கிய 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் அவர்கள் கையில் இருக்கின்றன.

அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவைத் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அலைவரிசையையும், அலை வெளியிடும் எந்தக் கருவியையும் யாரும் பயன்படுத்தக்கூடாது என்பதே அதன் சாரம். அலைவரிசை என்று நான் சொல்வது பள்ளிக்கூடத்தில் மீடிறன் என்று படித்ததுதான்.

ஒரு சின்ன ட்ரோனுக்குள் மூன்று வகை வானொலி வேலை நடக்கிறது. உங்கள் கையிலிருக்கும் ரிமோட் கட்டளை அனுப்புகிறது. மேலேயிருந்து கமெராவின் படம் கீழே வருகிறது. ஜிபிஎஸ் செய்மதிகளின் குரலைக் கேட்கிறது. ஜிபிஎஸ் கேட்பதோடு சரி, எதையும் அனுப்புவதில்லை. அதற்கு அனுமதி என்ற பேச்சே இல்லை. மற்ற இரண்டும் அனுப்புகின்றன. வீடியோ அனுப்புகிற இணைப்புத்தான் அதிக அகலத்தைப் பிடிக்கும், பறக்கிற நேரம் முழுவதும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால்தான் கேள்வியெல்லாம் அதைச் சுற்றியே வருகிறது.

வீட்டு வைஃபைக்கு யாரும் லைசென்ஸ் எடுப்பதில்லை. ட்ரோனும் அதே 2.4, அதே 5.8 கிகாஹேர்ட்ஸ் தானே?

நல்ல கேள்வி. பாதி சரி.

கடையில் வாங்கும் ரவுட்டருக்கு நீங்கள் தனியாகப் பத்திரம் எடுக்காததற்குக் காரணம், அந்த மாடலை நாட்டுக்குள் கொண்டு வந்தவர் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரத்தை எடுத்திருப்பதுதான். வலு இவ்வளவு, அலைவரிசை இதுவரை என்று பார்த்து, அந்தக் கட்டுக்குள் இருப்பதால் விட்டிருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற ட்ரோனை அதன் பெட்டிக்குள் வந்த அன்ரெனாவோடும், தொழிற்சாலை வைத்த வலுவோடும் பாவிக்கும்வரை நீங்களும் அந்தக் கட்டுக்குள் நிற்கிறீர்கள். அன்ரெனாவை மாற்றினால், வலுவைக் கூட்டும் பெட்டி ஒன்றைப் பூட்டினால், மென்பொருளை உடைத்து நாட்டு அமைப்பை மாற்றினால் அது அங்கீகாரம் பெற்ற கருவி அல்ல. பெயரும் பெட்டியும் மட்டும்தான் பழையவை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2400 முதல் 2500 மெகாஹேர்ட்ஸ் வரையும் 5725 முதல் 5875 வரையும் உலகம் முழுவதும் தொழிற்சாலை, மருத்துவக் கருவிகளுக்காக ஒதுக்கப்பட்ட பட்டைகள். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் வேலை செய்கிறது. அங்கே போய் நிற்கிறவர் வருகிற இடைஞ்சலைத் தாங்கிக்கொள்ள வேண்டும், முறையிட இடமில்லை. தேர்த் திருவிழா நாளில் ஐயாயிரம் பேர் ஐயாயிரம் போனோடு வீதியில் நின்றால் 2.4 அடைத்துப்போகும். படம் நின்றுவிட்டது என்று யார் மேலும் குறை சொல்ல முடியாது. காசு வாங்கி நேரலை செய்வதாக ஒப்புக்கொள்ளும்போதே கோவில் நிர்வாகத்திடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

காசு வாங்கினால்தான் பிரச்சினையா? நான் சொந்தக்காரருக்குச் சும்மா செய்து கொடுக்கிறேன்.

22ஆம் பிரிவு காசு வாங்கினாயா என்று கேட்பதில்லை, அலை அனுப்பினாயா என்றுதான் கேட்கிறது. ஆகவே வலு கூடிய கருவி ஒன்றைச் சும்மா பாவித்தாலும் பிழை பிழைதான். காசு என்ற விஷயம் இரண்டு இடங்களில் குறுக்கே வரும். ஒன்று, விமான அதிகாரசபையிடம் நீங்கள் எந்த நோக்கத்துக்காகப் பறக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய இடம். மற்றது ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்காக வானொலி அலை அனுப்புகிற அமெச்சூர்காரருக்குக் கொடுக்கும் லைசென்ஸ்.

என்னிடம் ஹாம் லைசென்ஸ் இருக்கிறது. அதை வைத்து வீடியோ அனுப்பலாம்தானே?

கலியாண வீட்டுக்கு, கோவிலுக்கு, கம்பனிக்கு முடியாது. அமெச்சூர் சேவை என்பதன் சர்வதேச வரைவிலக்கணத்திலேயே பண நோக்கமில்லாமல், தனிப்பட்ட ஆர்வத்துக்காக என்று எழுதியிருக்கிறது. நம் நாட்டில் 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறியை வாங்கும்போது நீங்கள் ஏற்றுக்கொள்வதும் அதைத்தான். சம்பளத்துக்கு எடுக்கும் வீடியோவை அந்த அலையில் அனுப்பினால் ஆபத்தில் விழுவது அந்த லைசென்ஸ். வருடக்கணக்காகப் படித்து, பரீட்சை எழுதி எடுத்ததை ஒரு நாள் வேலைக்காக இழக்காதீர்கள்.

சும்மா பரீட்சித்துப் பார்க்க, குளக்கட்டில் நின்று நண்பர்களோடு பழக, ஹாம் அருமையான பள்ளிக்கூடம். நான் அன்ரெனா கட்டப் பழகியது ஒரு ஹாம்காரரின் முற்றத்தில்தான்.

5.8 இல் சனல் நாற்பதுக்கு மேல் காட்டுகிறது. எல்லாவற்றையும் பாவிக்கலாமா?

கண்ணாடி போட்டுப் பார்த்து ஓட்டுகிற பழைய அனலொக் வீடியோ அனுப்பிகளைப் பற்றிய கேள்வி இது. இவற்றில் சனல்கள் ஏறத்தாழ 5645 முதல் 5945 மெகாஹேர்ட்ஸ் வரை பரந்திருக்கின்றன. மேலே சொன்ன பட்டையோ 5725 முதல் 5875 வரைதான். அனுப்பியைத் தயாரிப்பவர் உலகம் முழுவதுக்குமாக ஒரே பலகையைச் செய்து விற்கிறார். எந்த நாட்டில் எது சரி என்று அவர் பார்ப்பதில்லை.

ரேஸ்பாண்ட் என்ற வரிசையை எடுங்கள். எட்டு சனல்: 5658, 5695, 5732, 5769, 5806, 5843, 5880, 5917. முதல் இரண்டும் கடைசி இரண்டும் பட்டைக்கு வெளியே. மூன்றாவது 5732. எண்ணைப் பார்த்தால் உள்ளே இருக்கிறது. ஆனால் அனலொக் வீடியோ ஒன்று ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தைப் பிடிக்கும், நடுவிலிருந்து பக்கத்துக்குப் பத்து. 5732 இலிருந்து பத்தைக் கழித்தால் 5722. எல்லை தாண்டிவிட்டது. ஆகவே எட்டில் எனக்கு மிஞ்சுவது 5769, 5806, 5843 என்ற மூன்றும்தான். மூன்று போதாதா? ஒரே நேரத்தில் மூன்று ட்ரோன் பறக்கிற கலியாண வீட்டை நான் இன்னும் காணவில்லை.

1.2 கிகாஹேர்ட்ஸ் அனுப்பி மரத்தையும் துளைத்துக்கொண்டு போகுமாமே?

போகும். அதனாலேயே ஒருமுறை நானும் ஏமாந்தேன். வெளிநாட்டிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டு வந்த அனுப்பி. சின்னத் தீப்பெட்டி அளவு, மேலே அலுமினிய விசிறி. ஊர்க் கோவில் ஒன்றில் தீர்த்தத்துக்குப் போக முதல் காலையில் வெறும் வயலில் ஏற்றிப் பார்த்தேன். அனுப்பியைப் போடும் முன் திரையில் ஜிபிஎஸ் செய்மதி 14 என்று காட்டியது. போட்டதும் 9. பிறகு 6. ட்ரோன் எழும்பி இருபது மீற்றரில் நிற்கும்போது 3. நின்ற இடத்தில் நிற்காமல் காற்றோடு கிழக்கே நழுவத் தொடங்கியது. ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டுக் கையாலேயே இறக்கினேன். வரம்பில் மோதி ஒரு விசிறித் தட்டு உடைந்தது. அது வயல். கோவில் வீதியாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே விரும்பவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. ஜிபிஎஸ் கேட்பது 1575.42 மெகாஹேர்ட்ஸில். அதன் இரண்டாவது அலை 1227.60 இல். ஐரோப்பாவின் கலிலியோ செய்மதிகளும் 1278.75 இல் பேசுகின்றன. இருபதாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வருகிற மெல்லிய குரலைக் கேட்கிற காதுக்கு ஒரு சாண் தள்ளி 800 மில்லிவாட் அனுப்பியை வைத்தால் அந்தக் காது வேறெதையும் கேட்குமா? அந்தப் பட்டை உலகளவில் செய்மதி வழிகாட்டலுக்கும் ராடார்களுக்கும் உரியது. ஹாம்காரருக்குக்கூட அங்கே இரண்டாம் இடம்தான். தொழிலுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

கனடாவிலிருந்து வந்த ரிமோட் 915 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்கிறது. வீடியோ 5.8 தான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 902 முதல் 928 வரையான பட்டை வட, தென் அமெரிக்காவுக்கு ஒதுக்கியது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகத்தை மூன்று பிராந்தியமாகப் பிரித்திருக்கிறது. அமெரிக்கா இரண்டாவது, நாம் மூன்றாவது. நம் நாட்டில் 900 மெகாஹேர்ட்ஸ் கைத்தொலைபேசிக்குப் போயிருக்கிறது. 890 முதல் 915 வரை போன் பேசுவதை ரவர் கேட்கும் பகுதி. நூறு மீற்றர் உயரத்தில், மறைப்பு எதுவும் இல்லாமல், ரவரின் காதுக்கு நேரே அந்த ரிமோட்டின் இணைப்பு சத்தம் போடும். ஒரு கிராமத்தில் இருக்கிறதே ஒரே ரவர். அம்புலன்ஸுக்கு அழைக்கிற போனும் அதே ரவரில்தான் தொங்குகிறது.

தமிழ்நாட்டு யூடியூப் பார்த்து 865 மெகாஹேர்ட்ஸ் ரிமோட் வாங்குகிறவர்களுக்கும் இதே பதில். 865 முதல் 868 வரை இந்தியாவில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். அது இந்தியச் சட்டம், பாக்குநீரிணை தாண்டி வராது. ரிமோட்டுக்கு 2.4 ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வெட்டி வெட்டி வருகிறது. வலுவைக் கூட்டலாமா?

என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இதுதான். ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் வலு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வலு நாலு மடங்கு வேண்டும். 25 மில்லிவாட் அனுப்பியைக் கழற்றி 600 மில்லிவாட் பூட்டினால் வலு 24 மடங்கு. தூரமோ திறந்த வெளியில் ஐந்து மடங்குகூடக் கூடாது. அதற்குக் கொடுக்கும் விலை சூடு, பற்றரி, பக்கத்தில் எல்லோருக்கும் இடைஞ்சல், கையில் அங்கீகாரம் இல்லாத கருவி. ஐரோப்பாவில் 5.8 க்கு 25 மில்லிவாட், 2.4 க்கு 100 மில்லிவாட் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதைவிடப் பல மடங்கு விடுகிறார்கள். ஒரே ட்ரோன் சுவிஸில் ஒரு வலுவிலும் கனடாவில் இன்னொரு வலுவிலும் அனுப்புவது இதனால்தான். சில தம்பிமார் அமெரிக்க அமைப்புக்கு மாற்றித் தருகிறேன் என்று காசு வாங்குகிறார்கள். செய்யாதீர்கள்.

அன்ரெனாவிலும் ஒரு கணக்கு உண்டு. சட்டம் பார்ப்பது அனுப்பியின் வலுவை மட்டுமல்ல, அன்ரெனா ஒரு பக்கமாகக் குவித்துக் கொடுப்பதையும் சேர்த்து வெளியே போவதை. 25 மில்லிவாட் அனுப்பிக்கு 14 டெசிபெல் தட்டு அன்ரெனாவைப் பூட்டினால், அந்தத் திசையில் 600 மில்லிவாட்டுக்கு மேல் போகிறது. அதே தட்டைக் கீழே, வாங்குகிற பக்கம் பூட்டுங்கள். அதே அளவு நன்மை கிடைக்கும், ஒரு மில்லிவாட்கூடக் கூடாது. காது மந்தமான ஆச்சி கையைக் குவித்துக் காதில் வைத்துக் கேட்பாரே, அதே வேலை.

இனி நம்முடைய உண்மையான எதிரி: பனை. ஒருமுறை இரணைமடு வாய்க்கால் பக்கம் நெல் வயல் ஒன்றைப் படம் பிடித்தோம். காலபோகம், கதிர் முற்றிய நேரம். ட்ரோன் 60 மீற்றர் உயரத்தில், 400 மீற்றர் தள்ளி. படத்தை வாங்கும் கருவி, அதாவது வாங்கி, என் நெஞ்சு உயரத்தில், ஒன்றரை மீற்றர். இடையில் என்னிலிருந்து நூறு மீற்றரில் பனை வரிசை, இருபது மீற்றர் உயரம் இருக்கும். ட்ரோனுக்கும் எனக்கும் நேர்கோடு இழுத்துப் பாருங்கள்: பனையடியில் அந்தக் கோடு 16 மீற்றர் உயரத்தில் போகிறது. அடிமரத்திலும் இல்லை, மேலாலும் இல்லை, நேரே ஓலைக்குள். போதாக்குறைக்கு விடியப் பெய்த மழையில் ஓலை நனைந்திருந்தது. நனைந்த ஓலை 5.8 ஐக் குடித்துவிடும். என்னோடு வந்த பிள்ளை ஆறு மீற்றர் மூங்கிலில் வாங்கியைக் கட்டித் தூக்கினான். கணக்குப்படி கோடு பத்தொன்பதரை மீற்றருக்கு வந்தது, இன்னும் ஓலைதான். கடைசியில் வரம்பால் நடந்து பனை வரிசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். படம் கண்ணாடி மாதிரி வந்தது. 25 மில்லிவாட்.

கோடு மரத்தை உரசாமல் போனால் போதாது, கோட்டைச் சுற்றிக் கொஞ்ச இடமும் வேண்டும். ஒரு கிலோமீற்றர் தூரத்தில் நடுவழியில் 5.8 க்கு மூன்றரை மீற்றர், 2.4 க்கு ஐந்தரை மீற்றர் சுற்றிவரத் திறந்திருக்க வேண்டும். திறந்த வெளியில் ஒரே வலுவும் ஒரே மாதிரி அன்ரெனாவும் வைத்தால் 2.4 இல் வந்து சேரும் அலை 5.8 ஐ விட ஏறத்தாழ ஆறு மடங்கு. ஆகவே சனம் இல்லாத வயலில் 2.4, போன் நிறைந்த கோவில் வீதியில் 5.8. இதுவே என் வழக்கம்.

ட்ரோனில் சிம் போட்டு 4ஜியில் அனுப்பினால் எந்த அனுமதியும் வேண்டாமா?

சிம்மின் அலைவரிசைக்கான உரிமை தொலைபேசிக் கம்பனியுடையது. நிலத்தில் நிற்கும் போனை நினைத்துக் கட்டிய வலையமைப்பு அது. ரவர் அன்ரெனாக்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். மேலே போன சிம் ஒரே நேரத்தில் மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என்று பல ரவர்களைப் பார்க்கும். எதில் தொங்குவது என்று தாவித் தாவி, எல்லாவற்றுக்கும் இடைஞ்சல் கொடுக்கும். தொழிலுக்குச் செய்வதானால் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நான் செய்வது இது: ட்ரோனிலிருந்து ரிமோட்டுக்கு வழக்கமான இணைப்பு. ரிமோட்டிலிருந்து வயரில் மடிக்கணினிக்கு. மடிக்கணினியிலிருந்து நிலத்தில் நிற்கும் 4ஜி ரவுட்டர் வழியாக உலகத்துக்கு. வானத்தில் அங்கீகாரம் பெற்ற கருவி மட்டும், நிலத்தில் சாதாரண வாடிக்கையாளர் இணைப்பு. இந்த அமைப்பில் ஒரு அலைவரிசையைத் தனியாகக் கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

249 கிராம் ட்ரோனுக்கு ஒன்றும் தேவையில்லையாமே?

250 கிராம் என்ற எல்லை வெளிநாட்டுக் கணக்கு. நம் விமான அதிகாரசபையின் வகுப்புகள் வேறு: 200 கிராமுக்குக் கீழே, 200 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை, ஒரு கிலோவிலிருந்து 25 கிலோ வரை, அதற்கு மேல். 249 கிராம் இரண்டாவதில் விழுகிறது. அலை விஷயத்தில் எடையே கணக்கில்லை. 249 கிராம் ட்ரோன் 900 கிராம் ட்ரோனின் அதே வலுவில் அனுப்பலாம்.

சுவிஸிலிருந்து மாமா வரும்போது கொண்டு வரச் சொல்லட்டுமா?

பத்திரம் கையில் வந்த பிறகு சொல்லுங்கள். ட்ரோனை நாட்டுக்குள் கொண்டுவர பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் அலைக் கருவி என்பதால் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். இல்லாவிட்டால் சுங்கம் பிடித்து வைக்கும், மாமாவின் லீவு கட்டுநாயக்கவில் போகும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில நாட்களிலேயே நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். பிறகு திறந்தாலும் பாதுகாப்புத் தரப்பின் பார்வை அன்றிலிருந்து கூர்மையாகத்தான் இருக்கிறது.

பெரிய வேலை. வலு கூடிய, தொலைக்காட்சித் தரமான இணைப்பு வேண்டும். எப்படி விண்ணப்பிப்பது?

அப்போதுதான் உண்மையான அலைவரிசை அனுமதிப்பத்திரம் தேவைப்படுகிறது. ஆணைக்குழுவிடம் குறித்த இடத்துக்கும் குறித்த காலத்துக்கும் கேட்டு விண்ணப்பியுங்கள். அலைவரிசையை நீங்களே தீர்மானித்துவிட்டுப் போகாதீர்கள். தொலைக்காட்சி வேலைக்கென்று விற்கிற பல கருவிகள் 2.3 கிகாஹேர்ட்ஸ் பக்கம் வேலை செய்பவை, நம் நாட்டிலோ அங்கே 4ஜி வீட்டு இணையம் ஓடுகிறது. கருவி எந்த எல்லைக்குள் மாற்றக்கூடியது என்று எழுதி, அதற்குள் எதைத் தருவீர்கள் என்று கேட்பதே முறை.

விண்ணப்பம் திரும்பி வராமல் இருக்க வேண்டுமானால் எண்களோடு போங்கள். கருவியின் மாடலும் அங்கீகார இலக்கமும், அனுப்பியின் வலு, அன்ரெனாவின் குவிப்பு, இரண்டும் சேர்ந்து வெளியே போகும் வலு, எவ்வளவு அகலம், பறக்கும் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு, எத்தனை மீற்றர் உயரம், எந்தத் தேதி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. உயரத்தை மறந்துவிடாதீர்கள், நிலத்தில் ஒரு கிலோமீற்றர் போகிற அலை நூறு மீற்றர் உயரத்திலிருந்து பல கிலோமீற்றர் போகும், அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். அலையின் வகைக்கு ஒரு சர்வதேசக் குறியீடும் உண்டு. 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள அனலொக் வீடியோவுக்கு 20எம்0எஃப்3எஃப் என்று எழுதுவார்கள்: முதல் நாலு எழுத்தும் அகலம், எஃப் என்றால் மீடிறன் பண்பேற்றம், 3 என்றால் அனலொக் தகவல், கடைசி எஃப் படம். உங்கள் கருவியின் கையேட்டில் அதற்குரிய குறியீடு இருந்தால், அப்படியே பார்த்து எழுதுங்கள்.

ட்ரோன் திருத்துவதற்கும் வாடகைக்குக் கொடுப்பதற்கும்?

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பாருங்கள். தொலைத்தொடர்புக் கருவிகளை வியாபாரமாக இறக்குமதி செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, திருத்துவது எல்லாம் அதற்குள் வருகின்றன. கடை போட நினைப்பவர் போர்டு அடிக்க முதல் ஆணைக்குழுவிடம் பேச வேண்டும்.

நாங்கள் அனுப்புகிற படத்தை வேறு யாரும் பார்க்க முடியுமா?

அனலொக் என்றால் முடியும். அதே சனலில் வாங்கி ஒன்றை வைத்திருக்கிற யாரும் வேலிக்கு அப்பால் நின்று பார்க்கலாம், பூட்டே கிடையாது. கலியாண வீட்டில் பெண்கள் உடுத்திக்கொண்டு முற்றத்தில் நிற்கும் படம் அப்படி வெளியே போகக்கூடாது. வீட்டு வேலைகளுக்கு மறைகுறியாக்கம் உள்ள டிஜிட்டல் இணைப்பை மட்டும் பாவியுங்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரித்தானியாவில் 2023 ஜனவரியில் ட்ரோன் நடத்துநருக்கென்றே ஒரு வானொலி அனுமதிப்பத்திரம் கொண்டு வந்தார்கள், வருடத்துக்கு 75 பவுண். 2.4, 5.8 இல் ஓடும் சாதாரண ட்ரோனுக்கு அது தேவையில்லை. கண்ணுக்கெட்டாத தூரம் போகிற, கைத்தொலைபேசி அல்லது செய்மதி வலையமைப்பில் பறக்கிறவற்றுக்குத்தான் அது. உலகளவில் 2012 மாநாட்டில் 5030 முதல் 5091 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டையை ஆளில்லா விமானங்களின் கட்டுப்பாட்டுக்குத் திறந்தார்கள். அங்கே வீடியோ அனுப்ப இடமில்லை என்பதைக் கவனியுங்கள்.

பொலிஸோ இராணுவமோ வந்து நிறுத்தினால்?

முதலில் இறக்குங்கள். பிறகு பேசுங்கள். இரணைமடுவில் விமானப்படைத் தளமும் ஓடுபாதையும் இருக்கின்றன, வவுனியாவிலும் அப்படியே. முல்லைத்தீவில் எந்த வேலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பறக்க முதல் கிராம சேவையாளருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் கடிதம் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து எடுத்து வைத்திருங்கள். எல்லாப் பத்திரங்களின் பிரதியும் ஒரு கோவையில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் யார், எங்கே, எப்போது, எந்தக் கருவி, எந்த அனுமதி இலக்கம் என்று சிங்களத்திலும் தமிழிலும் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கம் எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. வருகிற அதிகாரிக்கும் தன் மேலதிகாரியிடம் போனில் வாசித்துச் சொல்ல ஏதாவது வேண்டும்தானே.

இந்த அனுமதிகளைத் தவிர வேறு யாரிடம் கேட்க வேண்டும்?

கீழே இருக்கிற சனத்திடம்.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அம்மன் கோவிலில் பொங்கல். எல்லாப் பத்திரமும் கையில். ட்ரோன் எழும்பியதும் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டுப் பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினார். "வண்டு வருது, வண்டு வருது" என்றார். போர்க் காலத்தில் வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அந்த இரைச்சல் கேட்டால் கொஞ்ச நேரத்தில் என்ன வரும் என்று இந்த மண்ணில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். உடனே இறக்கினேன். போய் அவருக்கு முன்னால் இருந்து, ட்ரோனைக் கையில் கொடுத்து, கமெராவைக் காட்டினேன். கை நடுங்க வாங்கி, விசிறித் தட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார்.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும், பற்றரி பூட்ட முதல் ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொல்ல வைக்கிறேன். நீங்களும் அப்படியே எடுத்துப் பாவிக்கலாம்: "அன்பான அடியார்களே, இப்போது மேலே பறக்கப் போவது எங்கள் வீடியோக்காரப் பிள்ளைகளின் கமெரா. இரைச்சல் கேட்கும், பயப்பட வேண்டாம். தலைக்கு மேலால் வராது, தெற்கு வீதியில் மட்டும் நிற்கும். பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்."